ஆறு வயதுப் பல்



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தாய் தம் ஒன்பது வயது மகளை என் சிகிச்சை அறைக்கு அழைத்து வந்தார். குழந்தை இரண்டு இரவுகளாக உறங்கவில்லை. வலக் கன்னம் வீங்கியிருந்தது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் ஒன்று நடுவில் முழுவதும் குழிந்துபோய், சுற்றுச் சுவர் மட்டும் இடிந்த வீட்டைப்போல் நின்றது. “போன வருஷமே கறுப்பாகத் தெரிந்தது, டாக்டர். பால் பல்தானே, தானாக விழுந்துவிடும் என்று விட்டுவிட்டேன்” என்றார் அந்த அம்மையார்.

அது பால் பல் அன்று. அக்குழந்தை தன் பேரப்பிள்ளைகளைக் காணும் காலம் வரையில் மென்று உண்பதற்காக முளைத்த நிலைப்பல். முளைத்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அதை எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழி எங்களுக்கு இருக்கவில்லை.

அந்தத் தாயை நான் குறைகூறமாட்டேன். படித்தவர்கள் வீட்டிலும் இதே தவறு நிகழ்கிறது. அதற்குக் காரணம் உண்டு. குழந்தைக்கு ஏறக்குறைய மூன்று வயதாகும்போது இருபது பால் பற்களும் வந்துவிடுகின்றன. பின்னர் ஆறு வயதளவில் முன்பல் ஆடத் தொடங்குகிறது. அது விழுந்ததும் வீட்டார் அனைவரும் அறிவார்கள். கூரைமேல் எறிவதும், மண்ணில் புதைப்பதுமாகக் கொண்டாட்டமே நடக்கும். அதே காலத்தில், வாயின் உட்கோடியில், பால் பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஓசையின்றி ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. மேலும் கீழும், இடமும் வலமுமாக அவ்வாறு நான்கு பற்கள். ஒன்று விழுந்து அந்த இடத்தில் மற்றொன்று முளைப்பதுதான் நிலைப்பல் என்று நாம் எண்ணிப் பழகியிருப்பதால், விழாமல் வந்த இப்பல்லைப் பால் பல்லின் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். உங்கள் வீட்டில் ஆறு அல்லது ஏழு வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால், இன்று இரவு விளக்கொளியில் வாயைத் திறந்து பாருங்கள். முன்பல்லின் நடுக்கோட்டிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் ஆறாவதாக இருப்பது அந்தப் பல்லேயாகும்.

இப்பல்லின் மேற்புறம் சமதளமாக இராது. மேடும் பள்ளமுமாக, ஆழ்ந்த கோடுகளுடன் இருக்கும். சில கோடுகள் மிகக் குறுகியவை. பிரஷின் இழை கூட அவற்றினுள் நுழைவதில்லை. உணவின் மாவுப்பொருள் மட்டும் எளிதில் நுழைந்துவிடும்! ஆகவேதான் சொத்தை முதலில் இங்கே தொடங்குகிறது. பல் முளைத்தவுடனே இக்கோடுகளை ஒருவகைப் பிசின் கொண்டு மூடிவிடும் முறை இப்போது இருக்கிறது. துளையிடுவதோ வலியோ இல்லாத வேலை அது. பல் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

சொத்தை எவ்வாறு உண்டாகிறது? பல்லைப் புழு அரிக்கிறது என்று உலகின் பல நாடுகளில் நெடுங்காலம் நம்பி வந்தார்கள். நம் ஊர்ச் சந்தைகளில் கண்டங்கத்திரி விதைப் புகையைக் காட்டிப் பல்லிலிருந்து புழு எடுப்பதாகச் சொல்பவர்களை உங்கள் பாட்டனார் கண்டிருப்பார். ஐரோப்பாவிலும் இவ்வித்தை வேறொரு செடியின் விதையைக் கொண்டு நடந்ததுண்டு. சூட்டில் வெடித்த விதையின் உள்முளைதான் அங்கே தட்டில் புழுவாகக் காட்சியளித்தது. பிரான்சு நாட்டுப் பல் மருத்துவரான பியேர் ஃபோஷார் என்பவர், 1728-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில், தாம் தேடிப் பார்த்தும் அந்தப் புழுவைக் கண்டதில்லை என்று எழுதினார். பல்லுக்குச் சர்க்கரை பகை என்றும் எச்சரித்தார்.

புழு இல்லையே தவிர, உயிர்கள் இல்லாமல் இல்லை. ஆலந்து நாட்டில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லேவன்ஹூக், தம் பல்லிடுக்கில் படிந்திருந்த வெண்மையான மாவைச் சுரண்டித் தாமே செய்த கண்ணாடி வில்லையின் கீழ் வைத்துப் பார்த்தார். அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டு 1683-ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். இத்தனைக்கும் அவர் நாள்தோறும் உப்பிட்டுப் பல் துலக்குபவர்! பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கரான மில்லர், அக்கிருமிகள் செய்யும் வேலை என்ன என்பதை 1890-ஆம் ஆண்டில் எழுதிய நூலில் விளக்கினார். நாம் உண்ணும் சர்க்கரையை அவையும் உண்கின்றன. உண்டு அமிலத்தைக் கழிக்கின்றன. அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது.

பல்லின் மேற்பூச்சாகிய எனாமல், நம் உடலிலுள்ள பொருள்களில் எல்லாம் கடினமானது. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் மூடும். எனாமலோ ஒருமுறை குழிந்துபோனால் மீண்டும் வளராது. அதை உண்டாக்கிய உயிரணுக்கள் பல் ஈறைவிட்டு வெளியே வரும்போதே மறைந்துவிடுகின்றன. ஆனால் குழி விழுவதற்கு முன்பு, கரைதல் தொடக்க நிலையில் இருக்கும்போது, உமிழ்நீர் நமக்குப் பெருந்துணை செய்கிறது. அது அமிலத்தின் வேகத்தைத் தணித்து, கரைந்த சுண்ணாம்புச் சத்தை மீண்டும் பல்லில் படிய வைக்கிறது. ஒரு மிட்டாயைத் தின்றபின் வாய் பழைய நிலைக்குத் திரும்ப அரைமணி நேரமளவு ஆகும். அந்த அரைமணிக்குள் மற்றொரு மிட்டாய் வந்துவிட்டால் உமிழ்நீர் என்ன செய்யும்?

இதை மெய்ப்பித்த ஆராய்ச்சி ஒன்று சுவீடனில் நடந்தது. அதைப் பற்றிச் சொல்லும்போது நான் சற்றுத் தயங்குவதுண்டு. லுண்ட் நகரத்தை அடுத்த விப்பேஹோல்ம் மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றியவர்களைத் தங்கவைத்திருந்தார்கள். 1940-களில் அவர்களுள் சிலருக்கு உணவோடு சர்க்கரையும், சிலருக்கு வேளைகளுக்கு நடுவே பல்லில் ஒட்டும் டாஃபியும் கொடுத்துப் பார்த்தார்கள். உணவோடு சர்க்கரை உண்டவர்களுக்குச் சொத்தை அதிகம் பெருகவில்லை. இடையிடையே டாஃபி தின்றவர்களின் பற்களோ பாழாயின. எவ்வளவு இனிப்பு என்பதைவிட, எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதே முக்கியம் என்று 1954-ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவுகள் காட்டின. தம் சம்மதத்தைச் சொல்லவும் இயலாத மனிதர்களின் பற்களைக் கெடுத்துப் பெற்ற அறிவு அது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சுவீடன் நாட்டு வீடுகளில் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் கொடுக்கும் வழக்கம் பின்னர் வேரூன்றியது.

நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். தீபாவளியன்று உண்ணும் இனிப்பால் பல் கெட்டுவிடாது. நாள் முழுவதும் கொஞ்சங் கொஞ்சமாகக் குடிக்கும் சர்க்கரை போட்ட தேநீர், மதியம் ஒரு பிஸ்கத்து, மாலையில் ஒரு மிட்டாய், குளிர்பானம், இரவில் பால் என்று ஒழுகிக்கொண்டேயிருக்கும் இனிப்புத்தான் கெடுக்கிறது. கைக்குழந்தை அழாமல் உறங்குவதற்காகச் சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயிலேயே விட்டுவிடும் வழக்கம் எல்லாவற்றிலும் கொடியது. அவ்வாறு உறங்கிய குழந்தைகளுக்கு இரண்டு வயதிலேயே மேல்முன்பற்கள் கறுத்து உதிர்ந்துபோவதை அடிக்கடி காண்கிறேன்.

உறக்கத்தைப் பற்றிச் சொன்னதால் மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாம் காலையில் எழுந்ததும் பல் துலக்காமல் காப்பியைத் தொடமாட்டோம். அது நல்ல பழக்கந்தான். ஆனால் இரவில் துலக்குபவர் எத்தனை பேர்? உறங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுகிறது. காவல்காரன் இல்லாத வீட்டில் கள்வனையும் உள்ளே வைத்துப் பூட்டியதுபோல, உணவுத் துணுக்குகளோடு எட்டு மணி நேரம் வாயை மூடி வைக்கிறோம். இரு வேளைகளில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்று யாரேனும் பிடிவாதம் செய்தால், இரவில் துலக்குங்கள் என்றே சொல்வேன்.

எதைக் கொண்டு துலக்குவது? ஆலையும் வேலையும் புகழும் பழமொழியை எல்லாரும் அறிவீர்கள். அதில் வரும் வேல் என்பது வேல மரம். வேம்பென்று பலர் பிழையாகக் கருதுகிறார்கள். குச்சியை நன்கு மென்று நாராக்கிப் பொறுமையுடன் தேய்த்த நம் முன்னோர் பல்லைக் காத்துக்கொண்டார்கள் என்பது மெய். ஆனால் கடைவாயின் உட்புறத்துக்குக் குச்சி எளிதில் எட்டுவதில்லை. மென்மையான இழையுள்ள பிரஷே போதுமானது. செங்கற்பொடி, அடுப்புக்கரி, மணல் ஆகியவை பல்லை வெளுக்கச் செய்வதுபோல் தோன்றினாலும் எனாமலையே தேய்த்துவிடும். துலக்கும்போது ஈறில் இரத்தம் வருகிறதென்று அஞ்சிச் சிலர் துலக்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அழுக்குப் படிந்த ஈறுதான் இரத்தம் கசிகிறது. நிறுத்தினால் மேலும் கசியும். மென்மையாகத் தொடர்ந்து துலக்கினால் சில நாட்களில் நிற்கும். நிற்காவிட்டால் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

பற்பசையில் ஃபுளோரைடு என்னும் பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். கரைந்த எனாமல் மீண்டும் உறுதிப்பட அது உதவுகிறது. அமெரிக்காவில் கிராண்டு ராப்பிட்ஸ் நகரத்தார் 1945-ஆம் ஆண்டிலேயே குடிநீரில் சிறிதளவு ஃபுளோரைடு கலக்கத் தொடங்கினார்கள். நம் நாட்டிலோ கதை தலைகீழானது. அந்நாளைச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில், கிணற்று நீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடால் மக்களின் எலும்புகளே இறுகி முடங்கியதை 1937-ஆம் ஆண்டில் மருத்துவர்கள் விவரித்தார்கள். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் பழுப்புக் கறை படிந்த பற்களைக் கண்டால், துலக்காத பல் என்று ஏளனம் செய்யாதீர்கள். பல் தாடைக்குள் உருவாகும் வயதிலேயே நிலத்தடி நீர் இட்ட கறை அது. எவ்வளவு துலக்கினாலும் போகாது. காவிரி நீரை அப்பகுதிகளுக்குக் கொண்டு செல்லும் ஒகேனக்கல் திட்டம் 2013-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருத்தலாகாது என்பது உலக நல நிறுவனத்தின் வரம்பு. ஆகவே பற்பசையை ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பட்டாணியளவே கொடுத்து, விழுங்காமல் துப்பக் கற்பிக்கவேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவு போதும்.

இனி, பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற அச்சம். இதனால் சொத்தைப் பல்லோடு ஆண்டுக்கணக்கில் அல்லற்படுவோர் பலர். பல்லுக்குரிய நரம்பு வேறு, பார்வைக்குரிய நரம்பு வேறு. பல் விழும் முதுமையிலேயே பார்வையும் மங்குவதால் இரண்டையும் முடிச்சுப்போட்டு விட்டார்கள் போலும். வலியைப் பற்றிய அச்சத்துக்கோ மருந்து கண்டவர்களே பல் மருத்துவர்கள்தாம். ஹாரஸ் வெல்ஸ் என்பவர் 1844-ஆம் ஆண்டில் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து தம் பல்லையே எடுக்கச் சொல்லிச் சோதித்தார். ஈதர் கொடுத்து அறுவை செய்யலாம் என்பதைப் பாஸ்டன் நகரில் 1846-ஆம் ஆண்டில் வெளிப்படையாகக் காட்டிய மார்ட்டனும் பல் மருத்துவரே. இன்று ஊசி போட்டுப் பல்லின் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்கிறோம். உண்மையில் அஞ்சவேண்டியது பிடுங்குவதற்கன்று, பிடுங்காமல் விட்டுவிடுவதற்கே. கீழ்க்கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சே அடைபடக்கூடும். கிராம்புத் தைலம் வலியைச் சிறிது நேரம் மறக்கச் செய்யும்; சொத்தையை அது ஆற்றாது. மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும் கூடாது, ஈறு வெந்துபோகும்.

கல்லூரி மாணவர்களுக்குத் தனியே ஒரு சொல். புகையிலை தீது என்று அறிந்தவர்கள்கூட வெறும் பாக்குத்தானே என்று மெல்லுகிறார்கள். பாக்கே புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தீர்ப்பளித்துவிட்டது. புற்றுக்கு முன்பே கன்னத்தின் உட்புறம் கயிறுபோல் இறுகி, வாய் திறப்பது நாளுக்கு நாள் குறையும். இட்டிலியைக் கிள்ளி நுழைக்கவேண்டிய நிலையில் இருபது வயது இளைஞர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். இறுகியது முழுவதும் பழையபடி இளகுவதில்லை.

கடைசியாக, விளையாட்டுத் திடலில் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்று. பந்து பட்டோ கீழே விழுந்தோ ஒருவனுடைய நிலைப்பல் முழுதாகக் கழன்று வந்துவிட்டால், அதைத் தூக்கி எறியாதீர்கள். மண் படிந்திருந்தால் வேரைச் சுரண்டாமல், வெண்மையான மேற்பகுதியை மட்டும் பிடித்து, நீரில் ஒரு நொடி அலசுங்கள். முடிந்தால் அதே குழியில் அப்போதே பொருத்தி, ஒரு துணியைக் கடித்துக்கொள்ளச் செய்யுங்கள். துணிவில்லையானால் ஒரு தம்ளர் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அரைமணிக்குள் சென்றால் இன்னும் நல்லது. பல் மீண்டும் பற்றிக்கொள்ளக்கூடும். பால் பல்லாக இருந்தால் மட்டும் திரும்பப் பொருத்தக்கூடாது. இதுவரை என்னிடம் வந்தவர்களுள் பெரும்பாலோர் பல்லைக் காகிதத்தில் மடித்து, சட்டைப்பையில் போட்டு, மறுநாள் காலையில் கொண்டுவந்தவர்களே.