பழைய கோடரியும் புதிய காம்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கவிஞர் கூடிய அவையில் கோடரியைப் பற்றிய உரையா என்ற வியப்பு எழுவது இயல்பே. ஆயினும் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பழைய ஓட்டு வீட்டுப் பரண்களைத் துழாவினால், காம்பில்லாத கோடரித் தலை துருவேறிக் கிடப்பதைக் காணலாம். பாட்டனார் காலத்தது என்பார்கள். எறிந்துவிட மனம் வராது. எடுத்து ஆளவும் வழி தெரியாது. ஆயுத பூசையன்று துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் படைப்பார்கள். மறுநாள் அது மீண்டும் பரண் ஏறிவிடும். பழந்தமிழ் நூல்களும் பல வீடுகளில் இந்த நிலையில்தான் இருக்கின்றன. பொட்டு வைக்கப்படுகின்றன, கையில் எடுக்கப்படுவதில்லை. ஆகவே, பழைய கோடரியைச் செப்பனிட்டுக் காம்பு போடும் தொழிலைச் சற்று ஊன்றிப் பார்ப்பது பாட்டெழுதுவோர்க்கும் பயன்தரும்.

கோடரிக்கு உறுப்பு இரண்டு. ஒன்று தலை, மற்றொன்று காம்பு. தலை கல்லாகவோ இரும்பாகவோ இருப்பதால் நெடுங்காலம் நிற்கும். காம்பு மரமாதலால் மக்கிப்போகும். இதனால் வரலாறு பெரும்பாலும் தலைகளையே விட்டுவைத்தது. காம்புகளை மண் தின்றுவிட்டது.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நிலவியல் ஆய்வாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகிற்கு உணர்த்திய கண்டுபிடிப்பு அது. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு 2011இல் அறிவித்தது. அக்கருவிக்குக் காம்பே கிடையாது. பிடித்த கையே அதன் காம்பு.

புதிய கற்கால மனிதன் கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கி மரத்தில் பொருத்தினான். பையம்பள்ளி போன்ற இடங்களில் அக்காலத் தடயங்கள் கிடைத்துள்ளன. பின்னர் இரும்பு வந்தது. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டது. சிவகளை ஆய்வு முடிவுகள் 2025 ஜனவரியில் வெளியானபோது, அக்காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்கே பின்னோக்கிச் சென்றது.

உத்திரமேரூருக்குத் தொலைவில் இல்லாத மதுராந்தகத்தை அடுத்த சாணூரில், பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் 1950லும் 1952லும் அகழ்ந்து ஆராயப்பெற்றன. அப்பண்பாட்டுக்கே உரிய இரும்புக் கோடரி வகை ஒன்று உண்டு. அது தட்டையானது, காம்பு நுழையத் துளை இல்லாதது. தலையைக் காம்போடு சேர்த்து, இரும்புப் பட்டைகளைக் குறுக்கு மறுக்காகப் பூட்டி இறுக்கினார்கள். அத்தகைய கோடரிகள் அகழாய்வில் பட்டையோடு கிடைத்திருக்கின்றன. பட்டை இருக்கிறது, அது இறுகப் பற்றியிருந்த மரம் இல்லை. அம்மரத்தைப் பற்றியிருந்த கையும் இல்லை.

அந்தக் கையைச் சொல் ஒன்று காத்து வைத்திருக்கிறது. புறநானூற்றின் 36ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், கருவூரை முற்றுகையிட்ட சோழன் கிள்ளிவளவனை நோக்கிப் பேசுகிறார். காவல் மரங்களை நவியம் வெட்டி வீழ்த்துகிறது. நவியம் என்பது கோடரிக்குப் பழம்பெயர். அதன் வாய், உழைத்துக் கறுத்த கையையுடைய கொல்லன் அரத்தால் அராவிக் கூராக்கியது என்கிறார் புலவர். அதன் நீண்ட காம்பைக் ‘கை’ என்ற சொல்லாலேயே குறிக்கிறார். அரண்மனை முற்றுகையைப் பாட வந்தவர், கொல்லனின் கையையும் கோடரியின் கையையும் அடுத்தடுத்து வைத்துவிட்டார். மரம் விழும் ஓசை கேட்டும் வெளிவராமல் உள்ளே இருக்கும் வேந்தனோடு பொருவது நாணத்தக்கது என்று சொல்லி, வெட்டை நிறுத்தப் பார்ப்பதே அப்பாட்டின் நோக்கம். மண் காக்காத காம்பைப் பாட்டுக் காத்தது.

இனித் தொழிலுக்கு வருவோர் முதலில் செய்ய வேண்டியது, கேட்பது. துருவேறிய தலையைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியால் மெல்லத் தட்ட வேண்டும். கணீரென்று ஒலித்தால் இரும்பு உயிரோடு இருக்கிறது. ஓசை மழுங்கி எழுந்தால் எங்கோ விரிசல் இருக்கக்கூடும். அத்தலையை நன்கு ஆராயாமல் வேலைக்கு எடுக்கலாகாது.

அடுத்தது துரு நீக்கல். புளிக் கரைசலிலோ காடியிலோ ஊறவைத்துத் தேய்த்தால் செந்துரு கழன்றுவிடும். அதன் அடியில் கருமையான மெல்லிய படலம் ஒன்று இருக்கலாம். அறியாதவர் அதையும் அழுக்கென எண்ணிப் பளபளக்கும்வரை தேய்த்துவிடுவார்கள். அப்படலம் கேடு செய்வதன்று. காலம் இரும்புக்குப் போர்த்திய போர்வை. செந்துரு இரும்பைத் தின்னும். கரும்படலமோ ஓரளவு காக்கும். இரண்டையும் பிரித்தறிவதே செப்பனிடுவோரின் முதல் தேர்ச்சி.

பின்பு வாயைத் தீட்ட வேண்டும். இங்கேதான் பல நல்ல கோடரிகள் பாழாகின்றன. கொல்லன் வாயைப் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்து, மீண்டும் மிதமாகச் சூடேற்றி, உறுதியும் உடையாமையும் சேர்ந்த ஒரு பதத்திற்குக் கொண்டு வந்திருப்பான். மின்சாரச் சாணைக்கல்லில் அவசரமாக அழுத்தினால் விளிம்பு சூடேறி நீலம் பாரிக்கும். அந்தக் கணத்தில் பழைய பதம் போய்விடும். பார்வைக்குக் கூர் இருக்கும். பத்து வெட்டில் மடங்கிவிடும். அரத்தால் பொறுமையாக அராவி, அடிக்கடி நீரில் நனைத்து, கடைசியில் தீட்டுக்கல்லில் முடிப்பதே முறை. நேரம் மிகுதியாகும், ஆனால் பாட்டன் காலத்துக் கொல்லன் கொடுத்த பதம் பேரனுக்கும் மிஞ்சும்.

ஏட்டுச் சுவடிகளிலிருந்து நூல்களை மீட்ட பெருமக்கள் இந்த நெறியையே கைக்கொண்டார்கள். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஏடெழுதியோரின் பிழை செந்துரு, அதை நீக்கினார். பழஞ்சொல்லின் கடுமை கரும்படலம். அதில் கை வைக்கவில்லை. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. வேறு சில பாட்டுகள் இடையிடையே சிதைந்தே இருக்கின்றன. அவ்விடங்களைத் தம் புலமையால் நிரப்புவது அவருக்கு அரிதன்று. அவர் நிரப்பவில்லை, வெற்றிடத்தை வெற்றிடமாகவே அச்சிட்டார். சாணைக்கல்லில் அழுத்தாத கை அது. அதனால்தான் ஆலத்தூர் கிழாரின் நவியம் பதம் குறையாமல் இன்றும் கிடைக்கிறது.

தலை சீரான பிறகு காம்பு. கருவேலம், உசிலை போன்ற மரங்களின் வைரம் பாய்ந்த கட்டை இதற்கு ஏற்றது. மரத்தின் இழை காம்பின் நீளத்தோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடர்ந்து ஓட வேண்டும். இழை குறுக்கே சாய்ந்து வெளியேறும் கட்டையைத் தச்சர் எவ்வளவு அழகாகச் சீவினாலும் ஓங்கிய வெட்டில் ஒடியும். ஆகவே, அறுத்த கட்டையைவிடப் பிளந்த கட்டை நம்பகமானது. பிளவு இழையின் வழியே செல்லும். பச்சை மரமும் ஆகாது. இன்று இறுகி நிற்பது, உலர்ந்தபின் சுருங்கித் தலையைக் கழற்றிவிடும்.

காம்பின் நுனியைத் துளைக்கு ஏற்பச் செதுக்கி, நடுவே கீறி, தலையைச் செலுத்தி, கீறலில் மர ஆப்பை அறைந்தால் நுனி விரிந்து இறுகும். இதற்கு எதிரான குறுக்கு வழி ஒன்றும் ஊர்களில் உண்டு. தலை ஆடத் தொடங்கினால் கோடரியை இரவு முழுதும் நீரில் போட்டுவைப்பார்கள். காலையில் மரம் ஊதி இறுகியிருக்கும். ஆனால் இரும்புக்குள் விரிய இடமின்றி ஊதிய மரம் நசுங்குகிறது. வெயிலில் உலர்ந்ததும் முன்னிலும் அதிகமாகத் தளர்கிறது. விழாக்களில் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்ளும் புகழுரைக்கும் இந்த இயல்பு உண்டு. ஒரு மாலைக்கு இறுக்கம் தரும். ஆண்டு முழுதும் தாங்க ஆப்புதான் வேண்டும். ஒருவர் பாட்டை மற்றவர் குறை கூறவும், கூறியதைக் கேட்டுத் திருத்தவும் இடந்தரும் கூட்டமே அந்த ஆப்பு.

திருத்தத்திற்கு உத்திரமேரூரே சான்று. முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919இல், குடவோலை வழியாக வாரியத்தாரைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் இங்கே வகுக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில், 921இல், அவ்விதிகள் திருத்தப்பட்டன. முதல் விதியில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, இரண்டாம் விதியில் 35 முதல் 70 வரை என்றானது. கணக்குக் காட்டாதவரை விலக்கும் கட்டுப்பாடும் விரிவாக எழுதப்பட்டது. முப்பது குடும்புகளும் குடத்தில் இடும் ஓலையும் மாறவில்லை. தலை அதே தலை. காம்பு தளர்ந்ததைக் கண்டு சபையார் மாற்றினார்கள். அதைவிடப் பெரிய செய்தி, பழைய விதியைச் சுவரிலிருந்து சுரண்டி எடுக்காமல் விட்டதாகும். வைகுண்டப் பெருமாள் கோயிலில் இரண்டு கல்வெட்டுகளையும் இன்றும் காணலாம். மரபைக் காப்பதும் திருத்துவதும் பகையல்ல என்பதற்கு அச்சுவரே சாட்சி.

இவ்வளவு பயன்படும் காம்புக்குத் தமிழில் கிடைத்த பெயரோ பழி. இனத்தைக் காட்டிக் கொடுப்பவனைக் கோடரிக்காம்பு என்பர். மரத்தை வெட்டும் கருவிக்கு மரமே துணை போயிற்று என்பது கருத்து. சொல்லழகு மிக்க வசைதான். ஆனால் அதில் ஒரு வழக்குப் பிழை இருக்கிறது. காம்பு தானாக ஓங்குவதில்லை. ஓங்கச் சொன்னவன் மறைந்திருக்க, பிடிபட்ட காம்பு பழி சுமக்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து, கொத்தடிமைகளாக வைக்கப்பட்டிருந்த 42 பேரை வருவாய்த்துறை அலுவலர்கள் மீட்டார்கள். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். மீட்க வந்த அலுவலரின் காலில் முதியவர் ஒருவர் விழுந்த படம் நாடெங்கும் பரவியது. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு நாற்பது ஆண்டுகள் கடந்த பின் நிகழ்ந்தது இது. சிறு கடனுக்குக் கையைப் பிணையாகக் கொடுத்தவர்கள் அவர்கள். சாய்ந்த மரத்தைக் கண்டு கோடரியைச் சபிக்கும் கவிதைகள் தமிழில் குறைவில்லை. அக்கோடரியின் காம்பைப் பிடித்திருந்த கை யாருடையது, அதை ஓங்கச் செய்தது யாருடைய கணக்கேடு என்று கேட்கும் கவிதைகள் அரிது. ஆலத்தூர் கிழாரோ, வெட்டும் வீரனைப் பழிக்கவில்லை. வெட்டச் சொன்ன மன்னனின் முகத்தை நோக்கியே பேசினார்.

அவையோர் இதை நினைவிற் கொள்வது நலம். பழைய கோடரியைப் புதுப்பித்தல் என்பது இரும்பைப் பளபளப்பாக்குவதன்று. மண் தின்றுவிட்ட கையை மீண்டும் அதன் இடத்தில் பொருத்துவதே புதுப்பித்தல். அவ்வாறே, பழம்பாட்டைப் போற்றுதல் என்பது மேற்கோளாக அடுக்குவதன்று. அன்று அது யாருக்காக யாரை நோக்கிப் பேசிற்று என்று கண்டு, இன்று அதே வேலையை அதனிடம் வாங்குவதே போற்றுதல்.

பத்தாண்டு என்பது ஒரு காம்பு தேய்ந்து கைக்குப் பழகும் காலம். பழகிய காம்பு இனியது. உள்ளங்கை பட்டுப் பட்டு மெருகேறியிருக்கும். அதே காம்பு ஒருநாள் தளரவும் செய்யும். அப்போது நீரில் ஊறப்போடாமல், வைரம் பாய்ந்த புதிய கட்டையை இழை பார்த்துப் பிளந்தெடுக்கும் துணிவு வட்டத்தின் இளையோர்க்கு வேண்டும். பழைய இரும்பின் பதத்தைக் கெடுக்காமல் அவர்கள் கையில் ஒப்படைக்கும் பொறுமை மூத்தோர்க்கு வேண்டும். இவ்விரண்டும் கூடினால் பரணில் கிடக்கும் தலைகள் ஒவ்வொன்றாகக் கீழிறங்கும்.

வட்டம் வளர்க.