பதவியினும் கொள்கை பெரிது

(கோலா குபு பாரு வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



பதவிக்காகக் கொள்கையைக் கைவிட்டோர் பலர். கொள்கைக்காகப் பதவியைக் கைவிட்டோர் மிகச் சிலரே. தமிழகத்தில் பெருந்தலைவர் காமராசர், கட்சிப் பணியே முதன்மையெனக் கருதி, 1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதலமைச்சர் பதவியினின்று விலகியதை நீங்கள் அறிவீர்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டில் தம் தலைமைப் பதவியைத் துறந்தவர் டத்தோ ஓன் பின் ஜாபார்.

அவர் 1895ஆம் ஆண்டு ஜொகூர் பாருவில் பிறந்தவர். பத்திரிகை ஆசிரியராகவும் விளங்கியவர். 1946ஆம் ஆண்டு பிரிட்டிஷார் மலாயன் யூனியனைப் புகுத்தியபோது, அதனை எதிர்த்து மலாய் மக்களை ஒன்றுதிரட்டினார். அவ்வாண்டு மே 11ஆம் நாள் அம்னோ தோன்றியது. அதன் முதல் தலைவர் அவரே. 1948ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் மலாயன் யூனியன் மறைந்து மலாயாக் கூட்டரசு மலர்ந்தது. ஜொகூரின் மந்திரி பெசாராகவும் அவர் பணியாற்றினார். அவர் சொல்லுக்கு அந்நாளில் இருந்த மதிப்பு பெரிது.

அத்தகையவர், பிற இனத்தவர்க்குக் குடியுரிமை எளிதில் கிடைக்க வேண்டுமென வாதாடினார். அம்னோவின் கதவை எல்லா இனத்தவர்க்கும் திறந்துவிட வேண்டுமென்றும் கோரினார். பல இனத்தார் வாழும் நாடு ஒன்றுபட்டு நின்றாலன்றி விடுதலை நிலைக்காது என்பது அவர் கருத்து. கட்சியினர் இணங்கவில்லை. கருத்தை மாற்றிக்கொண்டிருந்தால் தலைமை அவரிடமே இருந்திருக்கும். அவரோ 1951ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தலைமையைத் துறந்து வெளியேறினார். செப்டம்பர் 16ஆம் நாள், எல்லா இனத்தவரும் சேரத்தக்க மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார்.

அக்காலம் எத்தகையது? 1948இல் தொடங்கிய அவசரகாலம் நாட்டை வாட்டிக்கொண்டிருந்தது. புதுக்கட்சி தோன்றிய இருபதாம் நாள், அக்டோபர் 6இல், இதே கோலா குபு பாருவுக்கு அருகில், பிரேசர் மலைச் சாலையில் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக்கொல்லப்பட்டார். இனத்தை இனம் ஐயுற்ற அந்நாளில்தான் டத்தோ ஓன் எல்லாரையும் ஒரே கட்சிக்குள் அழைத்தார்.

மக்கள் அவர் பின்னே திரண்டனரா? இல்லை. 1952ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில், 12 இடங்களுள் அவர் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே. அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் இணைந்து ஒன்பது இடங்களைப் பெற்றன. பின்னர் அவர் அமைத்த நெகாரா கட்சி மலாய் மக்களின் நலனையே பெரிதும் பேசிற்று என்பதையும் மறைத்தல் ஆகாது. 1955ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவரும் தோற்றார். 1959இல் கோலத் திரங்கானு தெற்குத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் புகுந்தவர், 1962ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் மறைந்தார். அவருடைய மைந்தர் ஹுசேன் ஓன் 1976ஆம் ஆண்டு நாட்டின் மூன்றாவது பிரதமரானார்.

டத்தோ ஓன் பதவியை இழந்தார். அவர் எழுப்பிய கேள்வி இறக்கவில்லை. இனங்கள் ஒத்துழைக்க வேண்டுமென்பதை, தனித்தனிக் கட்சிகளின் கூட்டணி என்னும் வேறு வழியில் பிறர் நிறைவேற்றினர். சுதந்திர நாளிலும் அதன் பின்னரும் இம்மண்ணில் பிறந்த குழந்தை இந்நாட்டுக் குடிமகன் என 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பு வகுத்தது. அவ்விதியால் உரிமை பெற்றவர்களுள் தோட்டத்து லயன்களில் பிறந்த குழந்தைகளும் உண்டு.

பெருமக்களே! பால்மரத்தை ஆழமாக வெட்டினால் இன்று பால் மிகும். ஆனால் மரம் காயப்பட்டு, நாளை வெட்டவேண்டிய பட்டை கரடாகிவிடும். இன்றைய பதவிக்காகக் கொள்கையை வெட்டுவோரும் அத்தகையோரே. தொழிற்சங்கத் தேர்தலாயினும், ஆலய நிர்வாகமாயினும், நாட்டுப் பொதுத்தேர்தலாயினும், வாக்குக் கேட்டு வருபவரிடம், "எதற்காக இப்பதவியை விட்டுக்கொடுப்பீர்?" என்று கேளுங்கள். விடை சொல்ல இயலாதவர்க்கு வாக்களிக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை சிந்தியுங்கள்.