வினாவும் அவையும்



வினாடி வினா மாலைகள் இப்பொழுது கல்லூரிதோறும் நடைபெறுகின்றன. அவற்றுள் சில இனிக்கின்றன. பல கொட்டாவியில் முடிகின்றன. இவ்வேற்றுமை எதனால் என்று எண்ணும்போதெல்லாம், கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் 1874-ஆம் ஆண்டு பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் என் நினைவுக்கு வருகிறார்.

1907-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் சதாவதானம் நிகழ்த்தினார். அவதானமாவது ஒரே வேளையில் பல பொருள்களில் கருத்தைச் செலுத்துதல். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். மற்றொருவர் பெருக்கல் கணக்குப் போடுவார். இன்னொருவர் ஓர் ஆண்டையும் தேதியையும் சொல்லிக் கிழமை கேட்பார். இதற்கிடையில் முதுகில் விழும் நெல்மணிகளையும் ஒலிக்கும் மணியையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். எட்டுப் பொருளானால் அட்டாவதானம், பதினாறானால் சோடசாவதானம், நூறானால் சதாவதானம்.

விடை சொன்னவரை வியக்கிறோம், அது முறைதான். நானோ வினாத் தொடுத்தவர்களையும் எண்ணிப் பார்ப்பதுண்டு. பாவலரைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு செய்தி வழங்குகிறது. இசுலாமியராகிய அவரைச் சிக்கவைக்க எண்ணி, துருக்கன் என்னும் சொல்லும் இராமன் பெயரும் சேர்ந்து வருமாறு ஓர் ஈற்றடி கொடுத்தார்களாம். அவர் தயங்கவில்லை. இராமனுடைய தம்பியருள் ஒருவன் சத்துருக்கன் அல்லவா? முன்னடியின் இறுதியில் ‘சத்’ என்னும் அசையை நிறுத்தி, ஈற்றடியோடு இணைத்துவிட்டார். தம்பிக்குத் தமையன் துணை என்று பொருள் அமைந்துவிட்டது, அவை ஆரவாரித்தது.

அந்த வினாவில் முள் இருந்தது. ஆயினும் வெளியேற ஒரு வழியும் இருந்தது. இராமகாதை தெரிந்த எவரும் தேடினால் காணக்கூடிய வழி அது. விடை வெளிவந்ததும், ‘அட, இது நமக்கும் தெரிந்ததாயிற்றே!’ என்று ஒவ்வொருவரும் தம் நெற்றியைத் தட்டிக்கொண்டிருப்பர். நல்ல வினாவின் இலக்கணம் இதுவே என்பது என் கருத்து.

எங்கோ நடந்த பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவர் யார் என்று கேட்டால், தெரிந்தவன் சொல்வான். தெரியாதவன் மோட்டுவளையைப் பார்ப்பான். அங்கே சிந்தனைக்கு இடமில்லை. கைப்பேசி நொடியில் தரும் விடைக்காக நூறு பேரைக் கூட்டவும் வேண்டியதில்லை.

வேறொரு வகையில் கேட்டுப் பாருங்கள். “2-ஆம் நூற்றாண்டில் தாலமி தம் நிலநூலில் ஆய் நாட்டுத் தலைநகராகக் குறித்த ஊர் எது?” மண்டபம் அமைதியாக இருக்கும். “டிசம்பர் 3-ஆம் நாளையொட்டி அங்கே சவேரியார் திருவிழா நடைபெறும்.” சிலர் நிமிர்ந்து உட்காருவர். “தாலமி எழுதிய பெயர் கோட்டியாரா.” கோட்டாறு என்று பின்வரிசையிலிருந்தும் குரல் எழும்! நாள்தோறும் சந்தைக்குச் செல்லும் ஊர் பண்டைய நிலநூலில் இடம்பெற்றது என அறிவது சிறிய மகிழ்ச்சியா? சேய்மையிலிருந்து அண்மைக்குக் குறிப்புகளைக் கொண்டுவருவதே இங்குள்ள நுட்பம்.

நம் நாட்டில் 1967-இல் நீல் ஓ’பிரையன் கல்கத்தாவில் ஒரு மாதாகோயில் மண்டபத்தில் வினாடி வினா நடத்தினார். அதன் பின்னர் இக்கலை அந்நகரில் நன்கு வேரூன்றியது. குழுவாக அமர்ந்து கூடிப்பேசி விடை காணும் வழக்கத்தை நான் பெரிதும் விரும்புகிறேன். ஒருவனுக்கு வரலாறு தெரியும், அடுத்தவனுக்குக் கிரிக்கெட்டு. இருவரும் தலையைச் சேர்த்துக் கிசுகிசுப்பதைப் பார்ப்பதே ஒரு காட்சி.

உங்கள் விடுதியில் இத்தகைய மாலை நடத்துவதாயின், முப்பது வினாக்கள் போதும். கேட்பவர் தம் புலமையைக் காட்ட வரவில்லை என்பதை மறவாதிருக்கட்டும். எதிர்பாராத விடையொன்று சரியாக இருந்தால், தாளில் எழுதியிருப்பது வேறாயினும் மதிப்பெண் வழங்கட்டும். விடை தெரிந்தபின் அரை நிமிடம் அதன் கதையைச் சொல்லட்டும். பிறகு அடுத்த வினாவுக்குப் போகலாம்.