மாமரத்தில் வளரும் ராஸ்னா



வயது முதிர்ந்த மாமரங்களின் கவைகளில், வார் போன்ற இலைகளும் தடித்த வெண்சாம்பல் வேர்களும் கொண்ட ஒரு செடி ஒட்டி வளர்ந்திருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். மஞ்சள் சாயல் கொண்ட அதன் இதழ்களில் பழுப்பு நிறக் கட்டங்கள் ஓடும், நடுவே ஊதா நிற உதடு ஒன்று இருக்கும், நறுமணமும் உண்டு. ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியைத் தாவர நூலார் ‘வாண்டா டெசலேட்டா’ என்று அழைக்கின்றனர். வங்காளம் முதல் தமிழகம், இலங்கை வரை இது வளர்கிறது.

இதற்கு நேர்ந்துள்ள பெரிய துன்பம், இதனைப் புல்லுருவி என்று எண்ணிச் சுரண்டி எறிவதேயாகும். ‘வந்தா’ என்னும் வடமொழிச் சொல்லே புல்லுருவியைக் குறிப்பதுதான். பெயரிலேயே பழி ஏறிவிட்டது! உண்மையில் புல்லுருவி தன் உறிஞ்சு வேரை மரத்தின் கட்டைக்குள் செலுத்திச் சாற்றைக் குடிக்கிறது. அது பற்றிய இடத்தில் கிளை முண்டு முண்டாக வீங்கியிருக்கும். அதற்குக் கீழேயே கிளையை வெட்டிவிடுதல் நலம். ஆர்க்கிட்டின் வேரோ பட்டையின் மேலேயே படர்ந்து நிற்கும். வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறை மழைநீரையும் பனியையும் ஈர்த்துக்கொள்கிறது. நனைந்தவுடன் வேர் பசுமையாகத் தோன்றுவதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மரத்தினிடம் அது கேட்பது இடம் மட்டுமே.

வங்காள வைத்தியர்கள் இதன் வேரை ‘ராஸ்னா’ எனக் கொண்டு வாத நோய்களுக்குப் பயன்படுத்தி வந்துள்ளனர். இலைச்சாற்றைக் காதுவலிக்கு விடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. சீழ் வடியும் காதில் எந்தச் சாற்றையும் விடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்வதே தக்கது என்பது நமது கருத்து. ஆனால் ராஸ்னா என்ற பெயர் ஒரே செடிக்கு உரியதன்று. தென்னாட்டில் அரத்தைக் கிழங்கே அப்பெயரால் கஷாயங்களில் சேர்கிறது. மத்திய அரசின் ஆயுர்வேத மருந்துத் தொகுப்போ ‘புளூக்கியா லான்சியோலாட்டா’ என்னும் வேறொரு செடியைக் குறிக்கிறது. ஆகவே மருந்துக்கு வேண்டும் என்று சொல்லி நம் ஊர் மரங்களை மொட்டையாக்க வேண்டிய அவசியமே இல்லை. அரத்தையைக் கிழங்குத் துண்டுகளால் பயிரிடலாம். தென்னந்தோப்பின் அரை நிழலிலும் அது வளரும்.

ஆர்க்கிட்டைப் பெருக்குவதோ எளிதன்று. ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதைகள் இருப்பினும் அவை தூசி போன்றவை. முளைக்கத் தேவையான உணவு அவற்றில் இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சை துணை செய்தால்தான் முளைக்கும். 1922-ல் நட்சன் என்ற அமெரிக்க அறிஞர், சர்க்கரை கலந்த கூழில் பூஞ்சையின்றியே ஆர்க்கிட் விதைகளை முளைக்க வைத்தார். ஆயினும் அது ஆய்வுக்கூடத்து வேலை. மரத்தில் உள்ள செடியின் வேரை அறுத்து எடுத்தால் செடி போயிற்று. அதனிடத்தில் மற்றொன்று வளர்ந்து பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். மூட்டைக்கு ஒரு விலை பேசிக்கொண்டு வருபவர் இதையெல்லாம் சொல்லமாட்டார்.

இங்கே பஞ்சாயத்தின் அதிகாரம் பயன்படும். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி அமையும் உள்ளூர் மேலாண்மைக் குழு, ஊரிலுள்ள உயிரினங்களையும் அவற்றைப் பற்றிய வழக்காற்று அறிவையும் மக்கள் பதிவேட்டில் எழுதி வைக்கலாம்; வாணிபத்திற்காகச் சேகரிப்பவரிடம் கட்டணமும் விதிக்கலாம். பல ஊர்களில் இப்பதிவேடு பெட்டியில் உறங்குகிறது என்று கேள்விப்படுகிறோம். எந்த மரத்தில் எத்தனை செடிகள் உள்ளன என்று அதில் எழுதுங்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்பதையும் வெளியூர் வியாபாரியிடம் சொல்லிவையுங்கள். புறம்போக்கு மரங்களின் மகசூலை ஏலம் விடும்போது, ஏலம் எடுப்பவர் ஒட்டி வளரும் செடிகளைத் தொடக்கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

புயலில் மரம் சாய்ந்தாலோ, சாலைக்காக வெட்டப்பட்டாலோ, செடியை வேர் ஒடியாமல் பட்டையோடு பெயர்த்து, சொரசொரப்பான பட்டையுள்ள வேறொரு மரத்தில், காலை வெயில் படும் பக்கமாகத் தென்னங்கயிற்றால் கட்டுங்கள். மண் வேண்டாம், சாணமும் அப்ப வேண்டாம். மழைக்காலம் வரை அவ்வப்போது நீர் தெளித்தால் போதும். புது வேர் பட்டையைப் பற்றிக்கொண்ட பிறகு கயிற்றை அவிழ்த்துவிடலாம்.