உப்புக்காற்றும் மீட்பு வட்டும்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஊர்களில் மடிக்கணினிக்கு முதல் எதிரி உப்புக்காற்று. ஈரத்தோடு வரும் உப்பு விசிறித் துளை வழியே உள்ளே போய் மின்சுற்றுப் பலகையின் செம்பை அரிக்கிறது; இணைப்பு முனைகளில் பச்சையாகப் பூத்துப் படிகிறது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15 அன்று. அந்தக் காலத்தில் வாங்கிய கணினிகளுக்கு இப்போது பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. கணினி போனாலும் அதில் செய்த வேலை போகக் கூடாது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த மனுக்களும், பேஜ்மேக்கரில் அமைத்த திருமண அழைப்பிதழ்களும் பல நேரம் பழைய விண்டோஸில்தான் சரியாகத் திறக்கும்.

அந்தப் பழைய விண்டோஸைப் புதிய கணினிக்குள் ஓட்ட வழி, மெய்நிகர் கணினி. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள், நினைவகத்திலும் வன்தட்டிலும் ஒரு பங்கை ஒதுக்கி, தனிக் கணினி ஒன்று இருப்பதுபோல் இயங்குதளத்தை நம்ப வைக்கிறது. இதற்குப் புதிய கணினியின் பயாஸில் மெய்நிகராக்க வசதி இயக்கத்தில் இருக்க வேண்டும்.

முதல் வேலை, பழைய கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவுவதற்கான மீட்பு வட்டுகளை நகலெடுப்பது. டிவிடியின் விளிம்பில் ஈரம் புகுந்தால் உள்ளிருக்கும் உலோகப் படலம் கெடும். கடலோரத்தில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஒவ்வொரு வட்டையும் ஐஎஸ்ஓ கோப்பாக்கி, வரிசை எண்ணிட்டு வைக்க வேண்டும். பிறகு மெய்நிகர் கணினியை உருவாக்கி, பழைய கணினியில் இருந்த அளவுக்காவது வன்தட்டு இடம் ஒதுக்கி, முதல் கோப்பிலிருந்து தொடங்கலாம். அடுத்த வட்டைக் கேட்கும்போது, மெய்நிகர் வட்டியக்கியில் கோப்பை மாற்றினால் போதும். விண்டோஸ் எக்ஸ்பி என்றால் வன்தட்டு இணைப்பை ஐடிஇ என வைப்பது நல்லது. சாட்டா முறைக்கான இயக்கி அதில் இல்லாததால் நீலத்திரையில் நின்றுவிடும்.

சிக்கல் பெரும்பாலும் வேறிடத்தில் வருகிறது. மீட்பு வட்டு பொதுவான நிறுவல் வட்டு அல்ல; ஒரு மாடல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையின் நகல் அது. பல நிறுவனங்களின் வட்டுகள் பயாஸில் தயாரிப்பாளர் பெயரையும் மாடலையும் பார்த்துவிட்டு, இது அந்தக் கணினி இல்லை என்று மறுத்துவிடும். மறுக்காமல் நிறுவப்பட்டாலும், உரிமத்தைச் செயல்படுத்த விண்டோஸ் 7 தேடும் தயாரிப்பாளர் முத்திரை மெய்நிகர் பயாஸில் இருக்காது. கணினியோடு வந்த உரிமமும் அந்த ஒரு கணினிக்கே உரியது. நேர்மையான வழி, முன்பு தனியாக விற்கப்பட்ட உரிமம் கையில் இருந்தால் அதைக் கொண்டு, பொது நிறுவல் வட்டால் நிறுவுவதே. விண்டோஸே தேவையில்லாத வேலை என்றால், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தில் இந்த உரிமத் தொல்லை கிடையாது. அதை அதன் ஐஎஸ்ஓவிலிருந்தே மெய்நிகர் கணினியில் நிறுவலாம்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கானது 2020 ஜனவரி 14 அன்றும் முடிந்தன. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் வராது; ஆகவே நிறுவியதும் மெய்நிகர் கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்து, கோப்புகளைப் பகிர்வுக் கோப்புறை வழியாக மட்டும் கொண்டுபோக வேண்டும். எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நிலையின் சேமிப்பு) எடுத்துக்கொண்டால், பின்னால் எது கெட்டாலும் மறுபடி முதலிலிருந்து நிறுவ வேண்டியதில்லை.