தடையுத்தரவின் எல்லை



பூனாகலையில் ஒரு லயத்தின் பின்புறம் பீலிக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதையோரத்தில் ஒரு தொழிலாளி போஞ்சி பயிரிடுகிறார். நிலம் தமதென்று தோட்ட நிருவாகம் மாவட்ட நீதிமன்றத்தை அணுகி, “இந்த எதிராளியோ, வேறெவருமோ இந்நிலத்தில் கால் வைத்தலாகாது” எனத் தடையுத்தரவு வேண்டுகிறது. அது அவ்வாறே கிடைத்துவிட்டால், போஞ்சிக் கொடியோடு சம்பந்தமேயில்லாத இருபது குடும்பங்களுக்குக் குடிநீர் நின்றுபோகும். “வேறெவருமோ” என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வழக்காளிக்கும் எதிராளிக்குமிடையே உள்ள பிணக்கைத் தீர்ப்பதே விசாரணை நீதிமன்றத்தின் கடமை. எதிராளியையும் அவருடைய ஏவலாளரையும் அது தடுக்கலாம். தமக்கெனத் தனியுரிமை கொண்ட அயலவர், அறிவித்தல்கூடப் பெறாமல் அவ்வுரிமையை இழத்தல் முறையன்று. நமது 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, எதிர்த்தரப்புக்கு முன்னறிவித்தல் கொடுப்பதையே பொது விதியாக்கியுள்ளது. தாமதத்தால் நோக்கமே கெடும் என்றால் மட்டும் விலக்குண்டு. அப்போதும் முதற்கட்டத்தில் 14 நாட்களுக்கு மேற்படாமலே தடுக்கலாம் என 1988ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது.

அமைச்சர்மீது தடையுத்தரவிட மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரமேயில்லை. 1972ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பொருள்கோடற் கட்டளைச் சட்டம் அதை விலக்கிவிட்டது. ஆகவே, 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1700 ரூபாவாக உயர்த்திய வர்த்தமானி அறிவித்தலைத் தோட்டக் கம்பனிகள் எதிர்த்தபோது, வழக்கு பதுளையிலன்றிக் கொழும்பில் நடந்தது. அவ்வாண்டு யூலை 4ஆந் திகதி உயர் நீதிமன்றம் அதன் அமுலாக்கத்தை இடைக்காலமாக நிறுத்தியது. கொழுந்து பறிக்கும் இத்தனை கைகளைத் தொடும் ஓர் உத்தரவைத் தனியொரு மாவட்ட நீதிபதி இடுவதிலும் உயர்ந்த ஆயம் ஒன்று இடுவதே தக்கதென்பது என் கருத்து. அந்த உத்தரவு தொழிலாளருக்குக் கசந்தது வேறு விடயம்.

அமெரிக்காவிலும் 2025 யூன் 27இல், கூட்டாட்சியின் மாவட்ட நீதிபதிகள் வழக்காளிக்குரிய நிவாரணத்தைக் கடந்து நாடு முழுவதையும் கட்டும் தடையுத்தரவுகளை இடும் அதிகாரமுடையவர்களாகத் தோன்றவில்லையென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகக் கூறியது.

இவ்வெல்லை ஏழைக்கு இருபுறமும் கூருள்ள கத்தி. பூனாகலைத் தொழிலாளி வென்ற வழக்கின் நிழல் பக்கத்துத் தோட்டத்தவர்மீது விழாது. இதற்கு நம் சட்டக்கோவையின் 16ஆம் பிரிவில் ஒரு வழியுண்டு. ஒரே நலனுடைய பலருக்காக, நீதிமன்றத்தின் அனுமதியோடு ஒருவரோ சிலரோ வழக்காடலாம். ஏனையோருக்கு அறிவித்தல் கொடுக்கப்படவேண்டும். பீலிப் பாதையை நம்பியிருக்கும் இருபது குடும்பங்களும் இருவரைத் தெரிந்தெடுத்து, இப்பிரிவின்கீழ் அனுமதி கேட்கலாம். நிருவாகமும் லயத்தார் எல்லோரையும் கட்ட விரும்பினால், இதே வாயிலால்தான் உள்ளே வரவேண்டும்.