இடத்தின் பெயரால் அழைப்போம்

ரயில் நிலையத்தில் ஏதேனும் கேட்டறிய வேண்டுமாயின், "ஸ்டேஷன் மாஸ்டர் எங்கே?" என்றுதான் வினவுகிறோம். அவருடைய இயற்பெயர் நமக்குத் தேவைப்படுவதில்லை. காலையில் ஒருவர் இருப்பார்; இரவில் மற்றொருவர் இருப்பார்; அழைக்கும் பெயர் மட்டும் மாறுவதில்லை. இந்த எளிய வழக்கத்தின் அருமையை, ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலித் துறையில் நான் பட்டறிந்தேன்.

உரிமம் பெற்ற ஒவ்வொரு அமெச்சூருக்கும் அரசாங்கம் ஓர் அழைப்புக்குறி வழங்குகிறது. இந்தியாவில் அது பெரும்பாலும் 'வி.யு.' என்று தொடங்கும். உலகில் அக்குறி வேறெவருக்கும் இராது. ஆயினும் அவர் இப்போது எங்கே இருக்கிறார், என்ன பணி செய்கிறார் என்பதை அது சொல்லாது.

சில ஆண்டுகளுக்கு முன் வெள்ள நிவாரணப் பயிற்சி ஒன்றில், கட்டுப்பாட்டு நிலையத்தில் குறிப்பேட்டுடன் அமர்ந்திருந்தேன். பிற்பகலில், "முதியவர் ஒருவருக்கு மூச்சுத் திணறல், வண்டி அனுப்புக" என்ற செய்தி வந்தது. அழைப்புக்குறியைக் குறிப்பேட்டில் தேடினேன். அந்த நண்பர் பள்ளிக்கூட முகாமில் இருப்பதாக எழுதியிருந்தது. வண்டியைப் பள்ளிக்கு அனுப்பினேன். அவரோ நண்பகலிலேயே ஆற்றங்கரை முகாமுக்கு மாறிவிட்டிருந்தார். நான் அதைக் குறிக்கத் தவறியிருந்தேன். வண்டி திரும்பி உரிய இடம் சேர்வதற்குள் அரைமணி கழிந்துவிட்டது. நோயாளியாக நடித்தவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அத்தகைய வேளை மெய்யாகவே வருவதுண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி தாக்கியபோது, உலக அமெச்சூர்களுடன் உரையாடுவதற்காகப் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த இந்தியக் குழுவொன்று, அதை நிறுத்திவிட்டு அந்தமான் தீவுகளின் செய்திகளைக் கடல் கடந்து அனுப்பும் பணியில் இறங்கியது.

அடுத்த பயிற்சியில் நாங்கள் 'பள்ளி', 'ஆற்றங்கரை', 'மருத்துவமனை' என்று இடங்களுக்கே பெயரிட்டோம். ஆள் மாறினாலும் பெயர் மாறவில்லை. இதைப் பணிப்பெயர் எனலாம். ஆனால் பணிப்பெயர் வந்ததனால் அழைப்புக்குறியைக் கைவிடலாகாது. அமெரிக்கச் சட்டப்படி, பேச்சின் முடிவிலும், இடையே 10 நிமிடங்களுக்கு ஒரு முறையேனும் அழைப்புக்குறியைச் சொல்லியாக வேண்டும்.

இன்று அமெச்சூர்கள் பேச்சோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் 'ஏரெடன்' என்னும் முயற்சியில், கடையில் கிடைக்கும் கம்பியில்லா வலைக் கருவிகளில் வேறு மென்பொருளை ஏற்றி, எழுத்தும் படமும் செல்லும் வலைப்பின்னலை அமைக்கிறார்கள். ஒவ்வொரு கருவியும் அவ்வலையின் ஒரு கணு. ஒரு கணு பழுதுபட்டால், மாற்று வழி இருக்குமாயின், செய்தி அவ்வழியே தானாகச் செல்லும். இயந்திரங்களுக்கு எண்முகவரியே போதும். பெயர் வேண்டுவது மனிதனுக்குத்தான். ஆகவே அங்கே கணுவின் பெயர் அழைப்புக்குறியில் தொடங்கி, ஒரு சிறு கோட்டுக்குப் பின் பணிப்பெயரில் முடிகிறது. சட்டத்தின் தேவையும் மனிதனின் தேவையும் ஒரே பெயரில் நிறைவேறுகின்றன.

பெயரிடுவதிலும் சில நெறிகள் உண்டு. கருவியின் பெயரையோ ஆளின் பெயரையோ இடாமல், இடத்தின் அல்லது பணியின் பெயரை இடவேண்டும். பெயர் சுருக்கமாக இருக்க வேண்டும். பழைய 'பாக்கெட்' வானொலி முறையில் 6 எழுத்துகளுக்கும், 0 முதல் 15 வரையுள்ள ஓர் எண்ணுக்குமே இடமிருந்தது. இரைச்சலில் கேட்டாலும் ஒன்று மற்றொன்றாக ஒலிக்கலாகாது. 'மேற்கு முகாம்', 'மேட்டு முகாம்' என்று இரண்டு இருந்தால் குழப்பமே மிஞ்சும். பணியின் நடுவே பெயரை மாற்றலாகாது. பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு நிலையத்திலும் காகிதத்தில் இருக்கவேண்டும். மின்சாரம் போனபின் கணினித் திரை உதவாதல்லவா?

நண்பர்களே, உங்கள் பள்ளியின் வரைபடம் ஒன்று வரைந்து, ஐந்து இடங்களுக்குப் பணிப்பெயர் சூட்டிப் பாருங்கள். மூடிய கதவுக்கு அப்பால் நின்று ஒருவர் அவற்றை வாசிக்க, மற்றொருவர் எழுதட்டும். ஐந்தும் பிழையின்றி எழுதப்பட்டால் உங்கள் பெயர்கள் நல்லவை. ஒன்று தவறினாலும் அதை இன்றே மாற்றிவிடுங்கள். பிழை செய்யவும் திருத்தவும் பயிற்சி நாளே ஏற்ற நாள்.